ஐயாவின் இன்னொரு பாதம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான், அவள், பிள்ளைகள் எல்லோரும் சுகம். உன் காது எப்படி இருக்கிறது? அத்தான் போனில் சொன்னதைப் பார்த்தால் இரண்டு காதும் மந்தமாகிவிட்டது போலிருக்கிறது. இருபத்தாறு வருடம் செருப்புப் பட்டறையில் அந்தத் தேய்க்கும் இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றால் காதுதான் என்ன செய்யும்? போனில் நான் கத்த, நீ "என்னது, என்னது" என்று திருப்பிக் கத்த, நடுவில் அத்தான் மத்தியஸ்தம் பண்ண வேண்டாம் என்றுதான் கடிதமாகவே எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மே இருபதாம் தேதியோடு ஐயா மறைந்து ஒரு வருடம் ஆகிறது. முதல் குருபூஜை. அச்சகத்து மாடியில், அவர் உட்கார்ந்து பேசிய நாற்காலி இருந்த இடத்தில், அவருடைய பாதுகையை வைத்து வணங்குவது என்று மன்றத்தில் முடிவு செய்திருக்கிறோம். நல்ல மரம் கிடைத்துவிட்டது. செதுக்க ஆளும் பார்த்தாகிவிட்டது. அளவுதான் வேண்டும். பத்தொன்பது வருடம் அவருக்குச் செருப்பு செய்து கொடுத்தவள் நீ. உன் ஆஸ்பத்திரிப் பட்டறையில் அளவுத்தாள் இருக்கும். வலது பாதத்தின் அளவை மட்டும் அனுப்பினால் போதும். எங்கள் மன்றத்தில் குருவின் வலது பாதத்துக்குத்தான் பூஜை என்பது உனக்குத் தெரியும்.

அத்தானுக்குக் கண் ஆபரேஷன் எப்போது? இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் தம்பி


ஜனவரி 17

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. நீங்கள் நால்வரும் நன்றாக இருப்பது அறிந்து சந்தோஷம். என் காதைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதே. கேட்க வேண்டியது கேட்கிறது; மற்றது கேட்காமல் போவதில் எனக்கு நிம்மதிதான். அத்தானுக்கு ஆபரேஷன் மே மாதம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரை பேப்பரை மூக்கில் ஒட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருப்பார்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன் கேள். நீ வலது பாதம் கேட்கிறாய். எங்கள் அலமாரியில் உங்கள் ஐயாவுக்கு இருப்பது ஒரே பாதம், அதுவும் இடது. வலது கால் சாதாரணக் கால். தாள் மேல் நிற்க வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டால் வேலை முடிந்தது. இடதுக்குத்தான் பிளாஸ்டர் துணியைச் சுற்றி, காய வைத்து, அறுத்தெடுத்து, அதிலிருந்து அச்சு வார்த்து, அந்த அச்சின் மேல் செருப்பைக் கட்ட வேண்டியிருந்தது. உன் மன்றத்தில் வலது, என் அலமாரியில் இடது. அந்த மனிதர் நடந்ததென்னவோ இரண்டாலும்தான்.

வலது மட்டும் என்று யார் வகுத்த முறை இது? நான் உன் மன்றத்து ஆள் இல்லை. பூஜை புனஸ்காரம் தெரியாதவள். ஆனால் காலில் போடுவது எதுவென்றாலும் எனக்குத் தெரியும். ஒற்றைப் பாதுகையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. நீ சின்ன வயதிலிருந்தே எதற்கெடுத்தாலும் ஒற்றைக் காலில் நிற்பவன். அதற்காக அவரையும் அப்படி நிறுத்தாதே.

பதில் எழுது. பிள்ளைகளுக்கு என் அன்பு.

அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. எல்லோரும் நலம். சின்னவளுக்கு மட்டும் ஒரு வாரமாகச் சளி, இப்போது தேவலை.

நீ கேலி செய்தாய், நானும் சிரித்தேன். ஆனால் இது கேலி விஷயம் இல்லை அக்கா. இத்துடன் எங்கள் பாத பூஜைப் புத்தகத்தை வைத்திருக்கிறேன். நம் அச்சகத்தில்தான் அடித்தேன். நான்காம் பதிப்பு. பக்கம் ஆறைப் பார். "நம் மன்றத்தில் குருவின் வலப்பாதமே பூஜைக்குரியது." இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான் நடக்கிறது. போன மாதம் எங்கள் மன்றத்தில் உரை நிகழ்த்தும் பேராசிரியர் இதைப் பற்றியே முக்கால் மணி நேரம் பேசினார். வலது ஞானமாம், இடது உலகமாம். குரு உலகத்தை மடக்கி வைத்துக்கொண்டு ஞானத்தை மட்டும் நமக்கு நீட்டுகிறார் என்றார். கேட்டவர்கள் கண் கலங்கிவிட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த இரண்டு மன்றத்துக்காரர்கள் அவரவர் ஊரிலும் இனி வலது பாதம் மட்டும்தான் என்று போயிருக்கிறார்கள்.

நான் எப்படிக் கிடந்தவன் என்று உனக்குத் தெரியும். காலை பத்து மணிக்கே குடித்துவிட்டு, ஓடுகிற மிஷினுக்குள் கையை விடப் போனவன். தபால் ஆபீசில் கடிதம் பிரித்து ஓய்வு பெற்ற ஒரு மனிதர், விசிட்டிங் கார்டு அடிக்க வந்த இடத்தில் என்னைப் பார்த்துவிட்டு, அப்புறம் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. எட்டு மாதம் உட்கார்ந்தார். நான் மனுஷனானது அவரால். அவருக்குச் செய்கிற மரியாதையில் ஒரு குறையும் வரக்கூடாது என்பதுதான் என் எண்ணம்.

செதுக்குபவர் போட்ட படத்தையும் வைத்திருக்கிறேன். அளவுத்தாளைச் சீக்கிரம் அனுப்பு.

உன் தம்பி


பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம். சின்னவளுக்கு ஆவி பிடிக்கச் சொல். உன் புத்தகத்தைப் படித்தேன். அச்சு சுத்தமாக இருக்கிறது.

முறையை யார் ஆரம்பித்தது என்று கேட்டேன். நீ பேராசிரியரைக் கொண்டுவந்து நிறுத்துகிறாய். அவர் நேற்று வந்தவர். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அங்கே இருந்தவன் நீ.

அந்த இடது காலைப் பற்றி உன் புத்தகத்தில் ஒரு வரி கூட இல்லை. அதனால் நான் எழுதுகிறேன். பிறக்கும்போதே உள்பக்கம் மடங்கிய பாதம். வலதைவிட நான்கு சென்டிமீட்டர் கட்டை. வெளி ஓரத்தை ஊன்றித்தான் நடப்பார். அந்த ஓரத்தில் தோல் தடித்து, வெடித்து, முதல் தடவை என்னிடம் வந்தபோது புண்ணாக இருந்தது. நீதான் சீட்டு எழுதி அனுப்பினாய், ஞாபகம் இருக்கிறதா? ஆறு மணி நேரம் ரயிலில் தனியாக வந்தார். நான் புண்ணைக் கழுவப் போனால், "கூசுதும்மா, கூசுதும்மா" என்று நெளிந்து சிரிக்கிறார். புண் வலிக்கவில்லை, கூசுகிறது! அதன் பிறகு வருடத்துக்கு இரண்டு தடவை அந்தக் கால் என் மடியில் இருந்தது. உயரத்துக்குக் கார்க் வைத்து, எடை நடுப்பாதத்துக்கு வருகிற மாதிரி சரிவு கொடுத்து, ஒவ்வொரு ஜோடியும் நானே என் கையால் செய்தேன்.

வேட்டிக்குக் கீழே அவர் நேராக நடந்ததைத்தான் நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள்.

இரண்டு பாதுகையும் வைப்பதாக எழுது. இரண்டு அளவையும் அனுப்புகிறேன். ஒன்று மட்டும் என்றால் ஒன்றும் கிடையாது.

அக்கா


பிப்ரவரி 14

அக்காவுக்கு,

சுகம். உன் சுகம் அறிய வேண்டும்.

அளவு அனுப்ப விருப்பம் இல்லையென்றால் வேண்டாம். புகைப்படத்தை வைத்துச் செதுக்கச் சொல்லிவிட்டேன். இருபத்திரண்டு வருடம் நடந்ததை உன் அலமாரிக்காக மாற்ற முடியாது. நீ அவருக்குச் செருப்பு செய்தவள். நான் அவருக்குச் சிஷ்யன். எது மரியாதை என்பதை எங்களிடம் விட்டுவிடு.

தம்பி


மார்ச் 22

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. கோபம் ஆறட்டும் என்று இருந்தேன். உன் கோபம் இல்லை, என்னுடையது. செருப்பு செய்தவள் என்று எழுதினாய். ஆமாம், செய்தவள்தான். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. நீ அதை எழுதிய விதத்தில்தான் வெட்கம் இருந்தது.

எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? உன் வீட்டுக்காரி அத்தானிடம் போனில் சொன்னாளாம், நீ சரியாகச் சாப்பிடுவதில்லை, மிஷின் ஓடிக்கொண்டிருக்க எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறாய், ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரையே விட்டுவிட்டாய் என்று. மாப்பிள்ளை இல்லாமல் கல்யாணம் நடந்தாலும் நடக்கும், நீ சாப்பிடாமல் இருக்கக் கூடாது.

இங்கே ஒரு உத்தரவு வந்தது. இறந்துபோனவர்களின் அச்சுகளை மாதக் கடைசிக்குள் உடைத்து அலமாரியைக் காலி பண்ண வேண்டுமாம். நான் பதினொரு அச்சை உடைத்தேன். பன்னிரண்டாவதை எடுத்தபோது கை ஓடவில்லை. பட்டறைத் தலைவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது அது சமையலறை மேஜையில் இருக்கிறது. அத்தான் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்.

அதைப் பார்த்துப் பார்த்து இடது பாதுகையை நானே செதுக்க ஆரம்பித்துவிட்டேன். மரம் என்னுடையது, உளி என்னுடையது, ஞாயிற்றுக்கிழமை என்னுடையது. நீ வைத்தாலும் சரி, வைக்காவிட்டாலும் சரி, இதை முடிக்காமல் விடமாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். முதல் பாத பூஜை அன்று என்னடா நடந்தது?

அக்கா


மார்ச் 31

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். நான் சாப்பிடுகிறேன். அவள் எதையும் பெரிதாக்கித்தான் சொல்வாள். மாப்பிள்ளை பெயர் விஷயம் மட்டும் உண்மை.

குருபூஜை ஏற்பாடெல்லாம் ஒழுங்காகப் போகிறது. அழைப்பிதழ் வைத்திருக்கிறேன். காலை ஒன்பது மணிக்குப் பூஜை, பிறகு பேராசிரியர் உரை, பிறகு எல்லோரும் கொஞ்ச நேரம் மௌனமாக இருப்பது. மாடிக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. படிக்கட்டின் கைப்பிடியையும் மாற்றினோம். புகைப்படத்தைப் பார்த்துச் செதுக்கிய வலது பாதுகையும் வந்துவிட்டது. அழகாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் சிறியதோ என்று தோன்றுகிறது. யாரிடமும் சொல்லவில்லை.

உன் கடைசிக் கேள்வியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ஐயா உன்னிடம் எங்களைப் பற்றி எப்போதாவது ஏதாவது சொன்னாரா?

தம்பி


ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் காலையில் வந்தது, மத்தியானமே பதில் எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. காதுக்கு மெஷின் வைக்கச் சொல்கிறார்கள், பார்க்கலாம்.

சொன்னார். ஒரே ஒரு தடவை. ஆறேழு வருடம் இருக்கும். அந்த இடது கால் என் மடியில் இருந்தது. நான்தான் வாயைக் கொடுத்தேன். "வருஷா வருஷம் வலது காலை மட்டும் கழுவுறாங்களாமே, இது என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"அது ஒண்ணும் பண்ணலம்மா. கேட்டா குடுப்பேன். யாரும் கேக்கல."

"நீங்களே சொல்லலாமே ஐயா?"

"நானே காலை நீட்டி கழுவுங்கன்னா அது பூஜையாம்மா? வேலை வாங்கற மாதிரி ஆயிடும்."

அப்புறம் காலைச் செருப்புக்குள் நுழைத்தார். நான் வார் இழுத்துக்கட்டி, நடந்து பார்க்கச் சொன்னேன். வாசல் வரை போய்த் திரும்பி வந்தவர், "உன் தம்பிகிட்ட இதைச் சொல்லிடாதம்மா, அவன் தாங்கமாட்டான்" என்றார்.

இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன். அவர் கேட்டுக்கொண்டதை இன்று மீறுகிறேன். அந்தப் பாவம் என்னோடு போகட்டும். நீ தாங்குவாய் என்று நான் நினைக்கிறேன். அந்த விஷயத்தில் மட்டும் உங்கள் ஐயா உன்னைக் குறைவாக எடைபோட்டுவிட்டார்.

அக்கா


மே 1

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் திரிந்தேன். மடிப்பில் கிழிந்தே போய்விட்டது. உன் நலம் கேட்கக்கூடத் தோன்றாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன், மன்னித்துக்கொள்.

முதல் பாத பூஜைக்குப் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். தட்டு நான் பிடித்தேன், செம்பில் நீரும் நானே வைத்திருந்தேன். ஐயா சாய்ந்து நடப்பது தெரியும், ஆனால் வேட்டிக்குள் இருந்த காலை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, அவர் முதலில் நீட்டியது இடது காலைத்தான். ஆமாம் அக்கா, இடதைத்தான் முதலில் கொடுத்தார்.

நான் கையை இழுத்துக்கொண்டேன். அரை நொடி கூட இருக்காது. எனக்கு அருவருப்பாக இருந்தது. என்னை மனுஷனாக்கியவரின் கால் என்று மனசுக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்தக் காலை மெதுவாக உள்ளே இழுத்து, வேட்டியால் மூடிக்கொண்டு, வலதை நீட்டினார். பின்னால் நின்ற ஒருவர், "ஏன் ஒரு கால் மட்டும்?" என்று கேட்டார். நான் திரும்பிப் பார்க்காமலே "அதுதான் முறை" என்றேன். ஐயா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடம் வந்தவர்களுக்கு அது முறையாகவே ஆகிவிட்டது. மூன்றாம் வருடம் நான் அதை அச்சடித்தேன்.

அந்தப் புண்ணுக்கு மருந்து போட வேண்டியவனும் நான்தான். முடியவில்லை. அதனால்தான் சீட்டு எழுதி உன்னிடம் அனுப்பினேன். என்னால் தொட முடியாததை என் அக்காவைத் தொட வைத்துவிட்டு, உன்னையே செருப்பு செய்தவள் என்று எழுதினேன்.

"கேட்டா குடுப்பேன்" என்றாரே. இருபத்தொரு தடவை அவர் எதிரில் செம்போடு உட்கார்ந்தேன். ஒரு தடவை கூட வாய் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மன்றத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேங்க் மேனேஜராக இருந்தவர், நிதானமான மனிதர். "விட்டுடுங்க சார், ஜனங்க குழம்பிடுவாங்க. மாத்தியே ஆகணும்னா அச்சுப்பிழைன்னு போட்டுடலாம்" என்றார். "முப்பது வருஷமா அச்சகம் நடத்தறேன். அச்சுப்பிழை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இது நான் பண்ணினது" என்றேன். அப்படியானால் என் செயலாளர் பொறுப்பைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்றார். யோசியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பூஜையன்று எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறேன். வலதின் அளவுத்தாளை அனுப்பு, புதிதாகச் செதுக்கச் சொல்கிறேன். இடதையும் அனுப்பு. நீயும் வந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்.

தம்பி


மே 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அத்தானுக்கு ஆபரேஷன் பத்தொன்பதாம் தேதி என்று முடிவாகிவிட்டது. அதனால் நான் வர முடியாது. தைரியத்துக்கு என்னைத் தேடாதே. இவ்வளவையும் எழுதியவனுக்கு அது இருக்கிறது.

நீ எழுதியதைப் படித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். நான் பட்டறையில் சேர்ந்த முதல் வாரம், ஒரு கிழவரின் காலைப் பார்த்துவிட்டு வெளியே ஓடிப் போய் வாந்தி எடுத்தேன். யாரிடமும் சொன்னதில்லை. மறுநாள் மறுபடி அதே காலைத் தூக்கி மடியில் வைத்தார்கள். எனக்குச் சம்பளம், அதனால் ஓட முடியவில்லை. உனக்கு ஓட ஒரு வழி கிடைத்தது. வித்தியாசம் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்.

பார்சல் இன்று கிளம்புகிறது, வலதின் அளவுத்தாளும் அதில் இருக்கிறது. கவனமாகக் கேள். இடது அடிப்பக்கம் நான்கு சென்டிமீட்டர் கூடுதல் உயரம். பெருவிரல் குமிழ் நடுவில் இருக்காது, அவர் விரல் எங்கே இருந்ததோ அங்கே இருக்கும். உன் செதுக்குகிற ஆள் இதைப் பார்த்ததும் "கோணலா இருக்கே" என்று சீவ வருவார். கையைத் தட்டிவிடு. மேடு பள்ளம் இல்லாத பலகையில் வை. அடியில் எதையும் முட்டுக் கொடுக்காதே, அது தானாகவே நிற்கும்.

பிளாஸ்டர் அச்சை நேற்று உடைத்துவிட்டேன். உத்தரவு உத்தரவுதான், வேலையும் முடிந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு அழுவதற்கு எனக்கு நேரம் இல்லை. பொய், கொஞ்சம் அழுதேன்.

எல்லாம் முடிந்ததும் ஒன்று விடாமல் எழுது.

அக்கா


மே 23

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானின் கண் எப்படி இருக்கிறது? கட்டு பிரித்ததும் உன்னைப் பார்த்து பயந்துவிடவில்லையே? இங்கே எல்லோரும் நலம். நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், அவளையே கேட்டுக்கொள்.

பூஜை நடந்தது. நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள், படிக்கட்டிலும் நின்றார்கள். தட்டில் இரண்டு பாதுகை. வலது தாழ்வாக, இடது உயரமாக. உள்ளே வந்த ஒவ்வொருவரும் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவர் காதில் ஏதோ கேட்டார்கள். நான் எழுந்து நின்றேன். தாளில் எழுதி வைத்திருந்தேன், எடுக்கவில்லை.

"வலது கால் மட்டும்ங்கறது முறை இல்லை. ஐயா இடது காலைத்தான் முதல்ல குடுத்தார். எனக்குத் தொடக் கூசிச்சு. அதை மறைக்க நான் முறைன்னு சொன்னேன். நீங்க நம்பினீங்க. அவர் என்னைக் காட்டிக்குடுக்கல."

இவ்வளவுதான் சொன்னேன். இரண்டு குடும்பத்தார் எழுந்து போய்விட்டார்கள். தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் எழுந்தார். நான் எல்லாவற்றுக்கும் தயாராக நின்றேன். "அப்ப நான் முக்கால் மணி நேரம் பேசினது?" என்று கேட்டார். "நல்லா பேசினீங்க சார்" என்றேன். யாரோ சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் உரை நிகழ்த்தவில்லை.

பொறுப்பிலிருந்து நானே விலகிக்கொண்டேன். புத்தகம் ஐந்தாம் பதிப்பு போடுகிறேன், என் செலவில். பக்கம் ஆறில் நடந்ததை நடந்தபடி, என் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறேன். வெளியூரிலிருந்து வந்த அந்த இரண்டு மன்றத்துக்கும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வரப் போகிறேன்.

அன்று அதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு செம்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "ஐயா, இந்தக் காலைக் குடுங்க" என்று வாய்விட்டுக் கேட்டேன். அத்தனை பேர் எதிரில். வெட்கமாக இல்லை. இடது பாதுகையை இரண்டு கையாலும் பிடித்து, நீர் ஊற்றி, வளைவெல்லாம் விரலால் துடைத்துக் கழுவினேன். கையை எடுக்கவே இல்லை. வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.

வெளி ஓரத்தில் நீ மரத்தை வழவழப்பாக்காமல் சொரசொரப்பாகவே விட்டிருக்கிறாய். என் கட்டைவிரல் அங்கேதான் ரொம்ப நேரம் இருந்தது. அவர் தோல் இப்படித்தான் இருந்ததா அக்கா? எனக்குத் தெரியாது. நீ எழுது.

உன் தம்பி